காது மிஷினும் முருகேஸ்வரியின் ராகமும்

தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு பேச்சி தன் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். நல்ல கட்டம். வெயிலில் காது மிஷின் வியர்த்து நசநசத்ததால் அதைக் கழற்றி, முந்தானையில் அழுத்தித் துடைத்து, மறுபடி மாட்டினேன். மாட்டியதும் பேச்சியின் குரலைக் காணவில்லை.

அவள் வாய் அசைகிறது. கை ஆடுகிறது. சத்தம் மட்டும் இல்லை. வேப்பமரத்துக் காக்கைகள், ரோட்டில் போகும் லோடு லாரி, பக்கத்தில் சிரிக்கும் பெண்கள் என்று எல்லாவற்றையும் யாரோ ஒரே இழுப்பில் துடைத்துவிட்டார்கள்.

பேட்டரி செத்துவிட்டது, சனியன், என்று நினைத்துக்கொண்டு தலையைச் சுவரில் சாய்த்தேன். அப்போதுதான் அது கேட்டது.

ம்ம்ம்ம் என்று ஒரு ராகம். வாயை மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே ஒரு பெண் இழுக்கிற ராகம். நான் சாய்ந்திருந்த சுவருக்குள்ளிருந்து வந்தது. தலையை இடப்பக்கம் சாய்த்தால் கூடியது, நிமிர்ந்தால் குறைந்தது. யாரோ என் காதருகே குனிந்து குனிந்து விலகுவது போலிருந்தது. கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு நின்றது. மூச்சு வாங்கியது. பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது.

எனக்கு அந்த ராகம் தெரியும். அது முருகேஸ்வரியுடையது. அவளை அடக்கம் செய்து ஒரு தீபாவளியே போயிருந்தது.

மருந்து ரூம்

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனி. பெயர் வேண்டாம். ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் ஒற்றை அறைகளில்தான் அங்கே வேலை நடக்கும். வெடிமருந்தை அடைக்கிற அறையை மருந்து ரூம் என்போம். நானும் முருகேஸ்வரியும் அதில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்.

அங்கே அலுமினியப் பொடி பறக்கும். சாயங்காலம் வெளியே வரும்போது எல்லோர் முகமும் வெள்ளி பூசிக்கொண்டு மினுங்கும். அதனால் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்வோம். முருகேஸ்வரிக்கு வாய் சும்மா இருக்காது. திறந்தால் பொடி போகும், எனவே வாயை மூடிக்கொண்டே பாடுவாள். சொல் கிடையாது, ராகம் மட்டும்தான். கல்யாண வீட்டுப் பாட்டு, அம்மன் பாட்டு, எங்கள் சபையில் பாடுகிற கீர்த்தனை எல்லாமே அவள் தொண்டையில் ஒரே ம்ம்ம்ம்தான். "ஏ புள்ள, தொண்டையில தேனீ வளக்கியா?" என்று கேட்பேன். கேட்டால் இன்னும் உரக்க இழுப்பாள். அப்படி ஒரு திமிர் பிடித்தவள்.

அந்த ரூமுக்குள் நுழைகிறவர்கள் முதலில் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். கொலுசு, ஊக்கு, செல்போன் எதுவும் ஆகாது. உள்ளே பல்பு கிடையாது, ஒயர் கிடையாது, பகல் வெளிச்சம்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் முகம் கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்தேன். அவ்வளவுதான். பின்னாலிருந்து காற்று என்னைத் தூக்கிப் போட்டது. கண் விழித்தபோது என் வீட்டுக்காரர் சாமுவேல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்மேல் குனிந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் ஏன் சத்தமில்லாமல் அழுகிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

முருகேஸ்வரி போய்விட்டாள். அவளோடு உள்ளே இருந்தவர்களும் போய்விட்டார்கள். காரணம் உராய்வு என்றார்கள். உராய்வு என்றால் உரசிய கை ஒன்று வேண்டுமே? ஊர் வாய் அதற்கும் ஆள் பிடித்துவிட்டது. முருகேஸ்வரிதான் பாட்டுக் கவனத்தில் மருந்தை அழுத்தித் தேய்த்திருப்பாள் என்று போர்மேன் தொடங்கி எல்லோரும் சொன்னார்கள்.

பேச்சி அவளுக்கு நாத்தனார். "ஒங்க மதினி கையாலதான எங்க வீட்ல எளவு விளுந்துச்சு" என்று குழாயடியில் அவள் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. மாமியாரை அந்தத் திட்டுத் திட்டுகிற பேச்சி, இதற்கு மட்டும் பதில் சொல்ல மாட்டாள். பாதி நிறைந்த குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

காது தேடி அலைந்தது

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் சிலர் விருதுநகரில் இருக்கும் என் கடைக்கு வந்திருப்பீர்கள். வராதவர்களுக்குச் சொல்கிறேன். கை, கால், கண், காது ஏதாவது ஒன்று ஒத்துழைக்காதவர்களுக்கு அன்றாடம் உதவுகிற சாமான்களைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதுதான் இப்போது என் பிழைப்பு. ஒற்றைக் கையால் வெங்காயம் நறுக்க ஆணி பதித்த பலகை, தலையணைக்கு அடியில் அதிர்ந்து எழுப்பும் கடிகாரம், குளியலறைக்கு நாற்காலி. கிடைக்காததைச் செய்து கொடுப்பேன். வெடியில் விரல்கள் போன ஒருவருக்குக் கரண்டிக் காம்பில் சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டிக் கொடுத்தேன். அவர் சோறு அள்ளி வாயில் வைத்ததைப் பார்த்து அவர் மனைவி அழுதார். அவரோ, "கொழம்புல உப்பு இல்ல" என்றார்.

சாமான் கிடைப்பதில்லை என்பது பாதிக் கஷ்டம்தான். இப்படி ஒரு சாமான் இருக்கிறது என்பதே தெரியாது, அதுதான் முழுக் கஷ்டம். தெரிந்தால்தானே கேட்பதற்கு?

எனக்கும் தெரியாது. சுடுகிற எண்ணெயைக் காதில் ஊற்றினேன். சுகமளிக்கும் ஜெபக் கூட்டத்தில் முன்வரிசையில் போய் முட்டி போட்டேன். மதுரையில் சட்டைப்பையில் வைக்கிற டப்பா ஒன்றை வாங்கி வந்தோம். அது போட்ட விசிலில் எதிர்வீட்டு நாய் குரைத்ததாம், எனக்கு அதுவும் கேட்கவில்லை. கடைசியில் விருதுநகரில் ஒரு முகாமில் காதுக்குப் பின்னால் மாட்டுகிற மிஷின் கிடைத்தது. மாட்டிவிட்ட பொண்ணு தன்மையானவள். "இந்தக் குட்டிச் சுவிட்ச மட்டும் தொடாதீகக்கா. அது டெலிபோனுக்கு உள்ளது" என்று நகத்தால் தொட்டுக் காட்டினாள். முகாமில் கூட்டம் நெருக்கியது. அதற்கு மேல் விளக்க அவளுக்கு நேரமில்லை.

வெளியே வந்ததும் கேட்ட முதல் சத்தம் என் செருப்புச் சத்தம். அடுத்தது பிளாஸ்டிக் பை கசங்குவது. உலகத்தில் இவ்வளவு கசங்கல் இருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது. வீட்டில் கடுகு வெடித்தது, நான் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். சாமுவேல் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தாளிக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

முட்டாள்தனங்களும் உண்டு. அந்தக் குட்டி பேட்டரியின் முதுகில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பிரித்த நிமிடத்திலிருந்து பேட்டரி சாகத் தொடங்கிவிடும். நான் மிஷின் வந்த சந்தோஷத்தில் அட்டையிலிருந்த அத்தனை ஸ்டிக்கரையும் பிரித்து அழகாக அடுக்கி வைத்தேன். எல்லாம் பெட்டியிலேயே உயிரை விட்டன. இன்று என் கடையில் காது மிஷின் வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பாடம் அதுதான்.

வேலைக்குத் திரும்பினேன். கேட்டில் போர்மேன் அய்யாதுரை மறித்தார். "பேட்டரி உள்ள சாமான் மருந்து ரூமுக்குள்ள வரக் கூடாதும்மா." அவர் சொன்னது சரி. காது இருந்தால் உள்ளே வரக் கூடாது, காது இல்லாமல் உள்ளே இருந்தால் ஓடு என்று கத்துவது கேட்காது. என்னைக் கேட்டருகே லேபிள் ஒட்டுகிற ஹாலுக்கு மாற்றிவிட்டார்கள்.

வெடித்த ரூமின் அதே அஸ்திவாரத்தின்மேல் புது ரூம் கட்டி முடித்திருந்தார்கள். இன்னும் திறக்கவில்லை, உள்ளே மருந்து இல்லை. அதன் சுவர் நிழலில்தான் நாங்கள் மதியம் சாப்பிடுவோம். வருகிற வெள்ளிக்கிழமை பூஜை போட்டுத் திறப்பதாகப் பேச்சு. உட்காரப் போகிறவர்களில் பேச்சியும் ஒருத்தி. அவளுக்குக் கொடுத்திருந்தது அவள் மதினி உட்கார்ந்த மூலை.

பஸ்ஸில் கூடவே வந்தவள்

அந்த மதியத்துக்கு வருகிறேன். பேச்சியின் கையைப் பிடித்துச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்காததால் கத்தியிருக்கிறேன் போல, எல்லாப் பெண்களும் திரும்பினார்கள்.

"முருகு பாடுதா. செவத்துக்குள்ள. நடுவுல மூச்சுகூட வாங்குதா, அப்படியே அவள மாதிரி."

பேச்சி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து சுவரில் காதை ஒட்டினாள். வெகுநேரம் ஒட்டிக்கொண்டு நின்றாள். திரும்பியபோது அவள் வாயைப் பார்த்துப் படித்துக்கொண்டேன். "எனக்கு ஏன்க்கா கேக்கல?" கோபமாகத்தான் கேட்டாள். செத்துப்போன மதினி சொந்தக்காரியை விட்டுவிட்டு என்னிடம் பேசியதை அவளால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் பஸ் ஏறினேன். மிஷின் இன்னும் ஊமையாகவே இருந்தது. கண்டக்டர் வாயசைத்தார், சில்லறை சத்தமில்லாமல் விழுந்தது. பஸ் முழுக்க ஆட்கள், ஒருவருக்கும் குரல் இல்லை. சவ ஊர்வலத்தில்கூட அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை.

திருத்தங்கல் தாண்டியதும் அவள் மறுபடி தொடங்கினாள்.

முதலில் மெல்ல. பிறகு கூடிக்கொண்டே வந்து, தலைக்கு நேர்மேலே வந்து, பின்னால் போய்த் தேய்ந்தது. இன்னொரு வளைவில் மறுபடி வந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஏசப்பா, இவள் என்னோடு வருகிறாளே. எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி நடந்தபோது, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் அவள் பாடவில்லை, கத்தினாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். என் வயதுக்கு அந்த ஓட்டம் ஓடக் கூடாது.

மிஷினைக் கழற்றி எறிந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கழற்றினால் நிற்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் எப்படிக் கழற்றுவேன்? அவள் ஏதோ சொல்ல வந்திருக்கிறாள், நான் முகத்தில் கதவைச் சாத்துவதா?

கரண்டு போன நேரம்

சாமுவேல் திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை. அன்று முன்னாலேயே வந்து அடுப்படியில் இருந்தார். விரலில் சிவப்பு மை காயாமலே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டார்.

அவள் அடுப்படிக்குள்ளும் இருந்தாள். டியூப்லைட்டுக்குக் கீழே உரக்க, பிரிட்ஜ் பக்கத்தில் அதைவிட உரக்க. நான் மூலைக்கு மூலை தலையைச் சாய்த்துப் பார்த்தேன். சாமுவேல் என் பின்னாலேயே வந்தார். அவர் உதடு "எஸ்தரு, எஸ்தரு" என்று அசைந்தது. அவருக்கு என்னைப் பார்த்துத்தான் பயம்.

அந்த நேரம் கரண்டு போனது. மின்விசிறி நிற்கத் தொடங்கிய அதே நொடியில் அவளும் நின்றாள்.

இருட்டில் நாங்கள் இருவரும் நின்றோம். ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு காலியை நான் கேட்டதில்லை. கரண்டு வந்தது, டியூப்லைட் துடித்துப் பற்றியது, அவளும் கூடவே வந்தாள்.

எனக்கு உறைத்துவிட்டது. மிஷினைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அந்தக் குட்டிச் சுவிட்ச் தள்ளியிருந்தது. நான் முந்தானையில் துடைத்த லட்சணம்! பழைய இடத்துக்குத் தள்ளி மாட்டியதும், "ஏட்டி, என்னதான் ஆச்சு ஒனக்கு?" என்று சாமுவேல் அலறியது காது கிழியக் கேட்டது.

அவர் முகாம் பொண்ணுக்குப் போன் போட்டார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அந்தச் சுவிட்சைத் தள்ளினால் மிஷினின் வெளிக்காது அடைத்துக்கொள்ளும். பேச்சு கேட்காது. பக்கத்தில் ஓடுகிற கரண்டு மட்டும்தான் கேட்கும்.

நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! டிரான்ஸ்பார்மருக்குப் பயந்து செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சாமுவேல் வெண்டைக்காயை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

பாதிச் சிரிப்பில் எனக்கு வாய் நின்றுபோனது.

"என்னங்க, மருந்து ரூமு செவத்துல ஒயரே கெடையாதே" என்றேன்.

அவரும் சிரிப்பதை நிறுத்தினார். சுவருக்குள் பாடியது முருகேஸ்வரியாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை அந்த ரூமுக்குள் மருந்து வரும். கரண்டு ஓடுகிற அந்தச் சுவரோரம் பேச்சி மருந்தோடு உட்காருவாள்.

பேய்க்கு மருந்து உண்டு

மறுநாள் மதியம் சுவிட்சைத் தள்ளிவிட்டு அதே சுவரில் சாய்ந்தேன். முதலில் ஒன்றுமில்லை. ரூமுக்குப் பின்னால் தொட்டியில் தண்ணீர் விழத் தொடங்குவது கண்ணில் பட்டது. ம்ம்ம்ம் என்று வந்தது. ஒரே நீளமாக, விடாமல். வாட்ச்மேன் போய் மோட்டாரை நிறுத்தினார், நின்றது. போதும் என்று எழுந்து போர்மேனிடம் போனேன்.

அய்யாதுரை கெட்டவர் இல்லை. என் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று கும்பிட்டுவிட்டுப் போனவர். ஆனால் சீசன் நேரம், ஆர்டர் தலைக்குமேல் இருந்தது.

"எம்மா எஸ்தரு, மோட்டார் லைன் வேலியோரமா போகுது. நான் நின்னு இளுத்த லைனு. ரூமுக்குள்ள ஒயரு இருக்குன்னு நீ வெளிய பேசுனா கம்பெனிய மூடிருவாக, தெரியும்லா? அந்தப் பொம்பளைக பேய் இருக்குன்னு பயப்படுதாக. சரி, பூசணிக்கா ஒடைக்கேன், ஒங்க உபதேசியாரையும் வரச் சொல்லி செபம் பண்ணச் சொல்லுதேன். பேய்க்கு வழி இருக்கு. நீ வந்து கரண்டுன்னு சொல்லுத. செவிட்டு மிஷின நம்பி நான் புதுச் செவத்த ஒடைக்கணுமா?"

"ஆமா, ஒடைக்கணும்" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

பேச்சியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கருவேப்பிலையை ஒதுக்கினாள். "போர்மேன் அண்ணாச்சி ஒயரு இல்லேங்காக. நீங்க பேய் இல்லேங்கீக. பெறகு நான் எதுக்குப் பயப்படணும்?"

"உள்ள போகாதட்டி. நாலு நாளு லீவு போடு."

"நான் போகலேன்னா ஊரு என்ன சொல்லும்? மதினி கையி செஞ்சது தெரிஞ்சுதான் நாத்தனாக்காரி பயந்துட்டான்னு சொல்லும். அந்த மூலையில நான்தான்க்கா ஒக்காரணும்."

அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. மேலிடத்தில் புகார் கொடுக்கலாம் என்றார் சாமுவேல். கொடுத்து, அவர்கள் வந்து பார்ப்பதற்குள் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது போர்மேன் சொன்ன ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது. பேய்க்கு வழி இருக்கு. சரி, அய்யாதுரை, அந்த வழியிலேயே வருகிறேன் என்று முடிவு செய்தேன்.

பூசணிக்காய் உடைத்த காலை

வெள்ளிக்கிழமை காலை ரூம் வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். சாம்பிராணிப் புகை. ஒரு பக்கம் பூசாரி, ஒரு பக்கம் எங்கள் சபை உபதேசியார் வேதாகமத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார். வாசல் கழுவத் தண்ணீர் வேண்டுமென்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் நானும் காத்திருந்தேன்.

பூசணிக்காய் உடைந்தது. பெண்கள் உள்ளே போகச் செம்புத் தகட்டருகே வரிசை கட்டினார்கள். முதல் ஆள் பேச்சி. அவள் தகட்டில் கை வைத்தபோது நான் சுவிட்சைத் தள்ளினேன்.

உலகம் போய்விட்டது. முருகேஸ்வரி மட்டும் இருந்தாள்.

நான் நடிக்கத்தான் வந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொண்டையை அவிழ்த்துவிட்டேன், கண்ணைச் செருகிக்கொண்டேன், எங்கள் ஊர்க் கோயில் கொடையில் சாமியாடுகிறவர்களைப் பார்த்தது எதற்கு உதவும்? பேச்சியைத் தள்ளிவிட்டு, இன்னும் மருந்து வராத அந்த ரூமுக்குள் நுழைந்து, சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தேன். தலையைச் சாய்த்துச் சாய்த்து, அந்த ராகம் கூடுகிற பக்கமாக நகர்ந்தேன். அவள் உட்கார்ந்த மூலைக்கு வந்தேன், குனிந்தேன், தரைக்குப் பக்கத்தில் அது என் மண்டைக்குள் நிறைந்தது. அங்கே வந்ததும் நடிப்பு எந்த இடத்தில் நின்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

"இங்கன தோண்டுங்க. தோண்டாம ஒருத்தியும் உள்ள வரக் கூடாது" என்று கத்தினேன். இவ்வளவுதான் நான் சொன்னதாக எனக்கு நினைவு. மற்றவர்கள் வேறு சொல்கிறார்கள். போர்மேனைப் பார்த்து, "ஏலே அய்யாதுரை, என் கைய எடுத்துக் குடுலே" என்று கேட்டேனாம். எங்கள் ஊரில் அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சொல்லியிருக்க மாட்டேன். சொன்னேன் என்று உபதேசியாரே சத்தியம் செய்கிறார்.

கண்ணைத் திறந்தபோது பெண்கள் அத்தனை பேரும் வாசலில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். யாரும் உள்ளே வருவதாயில்லை. அய்யாதுரையின் நெற்றியில் திருநீறு வேர்வையில் வழிந்தது. அவர் வாட்ச்மேனைப் பார்த்து வாயசைத்தார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ராகம் அறுந்தது.

"மெயின அமத்திட்டாக" என்றேன்.

மெயின் சுவிட்ச் இருந்தது தூரத்தில், கேட்டருகே. நாங்கள் நின்ற இடத்திலிருந்து யார் கண்ணுக்கும் தெரியாது. அதைச் சொன்னபோது என்னைப் பார்த்துப் பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். நான் மிஷின் சுவிட்சைப் பழையபடி தள்ளினேன். முதலில் கேட்டது கடப்பாரை சுவரில் இறங்கும் சத்தம்.

புதுப் பூச்சு பெயர்ந்தது, செங்கல் பெயர்ந்தது. அதற்குக் கீழே பழைய அஸ்திவாரக் கல். அந்த இடுக்கிலிருந்து ஒரு ஒயர் வந்தது. தோல் உருகி, செம்பு தெரிய, ஒட்டுப்போட்ட இடத்தில் பழைய டேப் கரிந்துபோய் இருந்தது. தொட்டி மோட்டாருக்கு ஏதோ ஒரு காலத்தில் யாரோ குறுக்கு வழியில் இழுத்தது. அய்யாதுரை நின்று இழுத்த லைனும் வேலியோரம் கொஞ்ச தூரம் போய், யாருக்கும் தெரியாமல் இதில்தான் சேர்ந்திருந்தது. ஒயர்மேல் பிடித்திருந்த கரி புதுக் கரி இல்லை. அந்தக் கல்லில் பிடித்திருந்த அதே கரி. பழைய ரூம் எரிந்த நாளிலும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

பேச்சி மெல்ல வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தாள். பிறகு போர்மேனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, எங்க மதினி கைன்னு சொன்னீகளே."

அய்யாதுரை தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். குழாயடியில் அவளை அப்படிக் கேட்ட பெண்களும் அந்த வாசலில்தான் இருந்தார்கள். ஒருத்தி எழுந்து வந்து பேச்சியின் தோளைத் தொட்டாள். பேச்சி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

பேச்சி கேட்டது

பிறகு நிறைய நடந்தது. அதிகாரிகள் வந்தார்கள், கம்பெனி கொஞ்ச காலம் மூடிக் கிடந்தது, அஸ்திவாரத்தோடு அந்த ரூமை எடுத்துவிட்டு வேறிடத்தில் கட்டினார்கள். ஒயரை இழுத்தது யார் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார், திட்டவில்லை.

காது மிஷின்தான் காட்டிக்கொடுத்தது என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். சுவிட்சைத் தள்ளி, ஒவ்வொருத்தி காதிலும் மாட்டி, டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்திக் காட்டினேன். "ஆமாக்கா, ஆமாக்கா" என்றார்கள். இப்போதும் அங்கே உள்ளே போகிற பெண்கள் செம்புத் தகட்டில் கை வைக்கும்போது, வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று ஒரு தடவை இழுத்துவிட்டுத்தான் போகிறார்களாம். புதிதாக வந்தவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. அவர்களும் இழுக்கிறார்கள்.

சுவரைத் தோண்டிய அன்று சாயங்காலம் பேச்சி என் வீட்டுக்கு வந்தாள். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். சாமுவேல் காபி கொடுத்தார், குடிக்கவில்லை.

"யக்கா, உண்மையச் சொல்லுங்க. அது எங்க மதினியா, கரண்டா?"

"கரண்டுதாம்மா. மோட்டாரு ஓடுனா கேக்கும், நிறுத்துனா நிக்கும். நான்தான் மறுநாளே பாத்தேன்ல. ஒரே இளுப்பு, விடாம" என்றேன்.

அவள் தலையாட்டினாள். டம்ளரைக் கையில் எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"சரி. மொத நாளு கேட்டீகள்ல, நடுவுல நிறுத்தி மூச்சு வாங்குனான்னு எங்கிட்ட சொன்னீகளே. கரண்டு மூச்சு வாங்குமா?"

சாமுவேல் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வாயெடுத்தேன். வோல்டேஜ் குறைந்திருக்கும், மோட்டார் திக்கியிருக்கும், என் காதுதான் பொய் சொல்லியிருக்கும் என்று பல பதில்கள் இருந்தன. அன்று அந்தச் சுவரில் தலை சாய்த்திருந்தது நான். கேட்டது நான்.

"வாங்காது" என்றேன்.

பேச்சி காபியை எடுத்துக் குடித்தாள்.